கிழக்குச் சுவரோரத்துத் திருநீற்றுப்பச்சிலை

கடையில் கூட்டம் ஓய்ந்து, பிற்பகல் தாமதமாகச் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்த நேரம். எங்கள் குடியிருப்பின் காவலாளி ஏழுமலை போன் செய்தார்.

"மொதலாளி, கீழ் வூட்டு சாரு தவறிட்டாரு."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நா பக்கத்துலதான் நின்னுக்கினு கீறேன். துன்னுட்டுப் படுத்தவரு எந்திரிக்கல. மாமி காப்பி எடுத்துக்கினு போய் எய்ப்பிச்சுது."

"டாக்டர் பார்த்தாரா?"

"பாத்துட்டுப் பூட்டாரு மொதலாளி. இதுல கூடவா உனுக்கு சந்தேகம்?"

எனக்கு எதிலும் சந்தேகம் உண்டு. ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். தெற்கேயிருந்து வந்து, இன்னொருவர் கடையில் பாத்திரம் துடைத்து, பிறகு சொந்தமாகப் பலகை மாட்டியவன். யாராவது சிரித்தபடி கடைக்குள் வந்தால் அந்தச் சிரிப்பைத் திருப்பி, அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். அந்தப் புத்தியால்தான் பிழைத்தேன். கீழ் வீட்டு வைத்தியநாதன் சாருக்கும் அதே புத்தி. எங்கள் பழக்கம் முழுவதும் ஒருவரை ஒருவர் நம்பாமல் வளர்ந்த பழக்கம்.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு ஓர் அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம். பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். எதையும் எதிர்பார்க்காமல் கொடுத்தவர், கணக்குப் பார்க்காத மனிதர், கேட்ட வீட்டுக்கெல்லாம் செடி கொடுத்தவர் என்றார்கள். எனக்கு எழுந்து நின்று மறுக்க வேண்டும் போல இருந்தது. அவர் மனைவி, மாமி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது அவருடைய அலுவலக நண்பர்களும் எங்கள் தெருக்காரர்களும் சேர்ந்து போடுகிற நினைவு மலருக்கு எழுதக் கேட்டிருக்கிறார்கள். அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வைத்தியநாதன் சார் கணக்குப் பார்க்காமல் ஒரு இலையைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை.

மந்தைவெளியில் இந்தக் குடியிருப்பின் மேல்மாடி வீட்டை வாங்கிக் குடிவந்த புதிதில், எனக்கு நேர் கீழ் வீட்டில் இருப்பவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்தது. தராசில் முத்திரை சரியாக இருக்கிறதா, படிக்கல் தேய்ந்திருக்கிறதா என்று கடை கடையாகப் பார்க்கிற வேலை. பாத்திரத்தை எடை போட்டு விற்கிறவனுக்கு அது எப்படிப்பட்ட செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டை வாங்குமுன் சுவரைத் தட்டிப் பார்த்தேன், பத்திரத்தை வக்கீலிடம் காட்டினேன், கீழே யார் இருக்கிறார் என்று கேட்காமல் விட்டுவிட்டேனே என்று நொந்துகொண்டேன்.

அந்த வாரமே அவர் மாடியேறி வந்தார். கையில் ஒரு சின்ன மண்தொட்டி. அதில் முழங்கை உயரத்துக்கு ஒரு செடி. துளசி மாதிரி, ஆனால் இலை இன்னும் பெரிது, வழவழப்பு அதிகம். ஊதாத் தண்டில் வெள்ளைப் பூக்கள் கதிராக ஏறியிருந்தன. அவர் வாசலில் நின்றதுமே வீட்டுக்குள் கிராம்பும் கற்பூரமும் சேர்ந்தாற்போல் ஒரு மணம் வந்துவிட்டது.

"திருநீற்றுப்பச்சிலை. ரோஸ்மில்க்குல சப்ஜா விதை மிதக்குமே, அது இதோட விதைதான். மணம் பிடிச்சா வெச்சுக்கோங்கோ. பிடிக்கலேன்னா திருப்பிக் குடுத்துடுங்கோ. தூக்கி மட்டும் போட்டுடாதேள்."

"எவ்வளவு சார்?" என்றேன்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த 'இப்போதைக்கு' என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. தொட்டியை வாசலுக்கு வெளியிலேயே வைக்கச் சொன்னேன். "அவுக ஆசையாக் குடுத்ததை இப்படி வெளிய வச்சா என்னங்க அர்த்தம்?" என்று என் மனைவி உள்ளே எடுத்துப் போனாள். "ஆசையா? இன்ஸ்பெக்டர் ஆசையாக் கொடுத்ததா எந்தக் கடையிலயாவது கேள்விப்பட்டிருக்கியா?" என்றேன். அவள் அதற்குள் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்துகொண்டிருந்தாள்.

எங்கள் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு வண்டி நிற்கிற அகலத்தில் நீளமான மண்தரை உண்டு. பொது இடம். காலை வெயில் முழுதாக விழும், உச்சி வெயில் பக்கத்து வீட்டு மாமரத்தில் வடிகட்டி விழும். அங்கேதான் வரிசையாகத் தொட்டிகள் வைத்து அவர் இந்தச் செடியை வளர்த்தார். விதையை மண்ணில் புதைக்கக் கூடாது, மேலே தூவி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், நனைந்ததும் அதுவே வழுவழுவென்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பார். நாட்டுமருந்துக் கடையில் வாங்குகிற விதையை முதலில் ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுச் சோதிப்பார். ஊறாமல் நிற்கிற விதைகளைக் கரண்டியால் எடுத்து, கடைக்காரரிடமே கொண்டுபோய்க் காட்டுவார். கேஸ் சிலிண்டர் வந்தால் வாசலிலேயே கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்ப்பவர் வேறு என்ன செய்வார்.

தண்ணீர் ஊற்றுமுன் ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு கையாலும் லேசாகத் தூக்கிப் பார்ப்பார். சிலதற்கு ஊற்றுவார், சிலதை விட்டுவிடுவார். ஒரு நாள் கடைக்குக் கிளம்பும்போது நின்று பார்த்தேன். நன்றாகத் தலை தொங்கியிருந்த ஒரு செடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஊற்றாமல் நகர்ந்தார்.

"சார், அது வாடிக் கிடக்குது. அதுக்கு ஊத்தலையா?"

"வாடினா தாகம்னு யார் சொன்னா? வேர் அழுகினாலும் இதே மாதிரிதான் தலையைத் தொங்கப் போடும். செடி பொய் சொல்லும், முதலாளி. எடை பொய் சொல்லாது. தூக்கிப் பாருங்கோ, உள்ள எவ்வளவு ஈரம்னு தெரியும்."

தூக்கினேன். ஈயக்குண்டு போலக் கனத்தது. செடியைக்கூட நம்பாத மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அவரை லேசாகப் பிடித்தது. ஆனாலும் அவர் என்னை 'முதலாளி' என்று கூப்பிடுகிற விதத்தில் ஏதோ ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது என்றே தோன்றும்.

எங்கள் வீட்டு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அவருடைய பால்கனித் தகரத்தில் விழும். "தலையில ஆணி அடிக்கற மாதிரி இருக்கு" என்று இரண்டு கோடைகள் சண்டை பிடித்தார். நானும் ஆள் வரவில்லை, குழாய் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த கோடையில் பேச்சே இல்லை. படிக்கட்டில் பார்த்தால் சிரித்துவிட்டுப் போனார். பேரம் பேசிக்கொண்டிருக்கிற ஆள் திடீரென்று வாயை மூடிக்கொண்டால், கல்லாவில் இருப்பவன் உடனே சரக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். நான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். என் ஏசிக் குழாயின் கீழே ஒரு புனல், புனலிலிருந்து ஒரு டியூப், டியூபின் முனையில் மூடி போட்ட வாளி.

இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"என்ன சார் இது, என் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"உங்க தண்ணியா? 'அது என் தண்ணி இல்ல சார், காத்துல இருக்கற ஈரம்'னு ரெண்டு வருஷமா நீங்கதானே சொல்லிண்டிருந்தேள்?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விலை சொல்லுவேள்."

சொல்லியிருப்பேன்தான். பிறகு அவர் என்னைக் கீழே அழைத்துப்போய் ஒரு பழைய தொட்டியின் விளிம்பைக் காட்டினார். சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் இந்தச் செடியின் இலை நுனி கருகும், வேர் திணறும், பார்ப்பதற்குத் தண்ணீர் காணாத செடி மாதிரியே இருக்கும். ஏசித் தண்ணீரில் உப்பு கிடையாது. அந்தக் கோடையில் செடிகள் புதர்போலச் செழித்ததற்கு என் மின்சார பில் ஒரு காரணம் என்று அன்றுதான் தெரிந்தது. அதன்பின் வெயில் ஏறிய நாட்களில் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "என்ன முதலாளி, இன்னிக்கு ஏசி போடலையா? உடம்பைப் பார்த்துக்க வேண்டாமா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

இப்படியே போயிருந்தால் இது வெறும் பக்கத்து வீட்டுக் கதை. எங்களுக்குள் நிஜமான தகராறு அந்தக் கிழக்குச் சுவரோர இடத்தைப் பற்றியது.

கடைக்குச் சரக்கு ஏற்ற நான் ஒரு குட்டியானை வாங்கியிருந்தேன். ஊரே அப்படித்தான் சொல்லும், சின்னச் சரக்கு வண்டி. தி. நகரில் அதை இரவில் நிறுத்த இடம் கிடையாது. நிறுத்தினால் சக்கரத்துக்குப் பூட்டு விழும், இல்லையென்றால் டீசல் போகும், கண்ணாடி உடையும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் எங்கள் தெருவிலும் இடமில்லை. குடியிருப்புக்குள் வண்டி நிற்கக்கூடிய ஒரே மிச்ச இடம் அந்த மண்தரை. பொது இடத்தை ஒருவர் தொட்டி போட்டுப் பிடித்துவைத்திருக்கிறார், இன்று தொட்டி, நாளைக்கு வேலி, அதற்கு மறுநாள் பட்டா என்று நான் பேச ஆரம்பித்தேன். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வது என்று ஏற்பாடாயிற்று.

அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் தம்ளர் கொடுத்தேன். நல்ல கனமான தம்ளர். எதற்குக் கொடுத்தேன் என்பதை விளக்க வேண்டாம். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு வீடு வீடாகப் பேசிப் பார்க்கப் போனேன். போன வீட்டிலெல்லாம் சமையலறை ஜன்னலில் என்னுடைய தம்ளர் இருந்தது. தம்ளருக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் திருநீற்றுப்பச்சிலையின் ஒரு கிளை, அடியில் வெள்ளை வெள்ளையாக வேர். ஒவ்வொரு செடியின் நுனியையும் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் இரண்டு கிளை வரும். கிள்ளியதைக் கீழ் இலைகளை எடுத்துவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் வேர் விடும். அவர் மாதக்கணக்காகக் கிள்ளிக் கிள்ளி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறார். "கண்ணாடி கிளாஸ் வேண்டாம், வேருக்கு வெளிச்சம் ஆகாது. மேல் ஆத்து முதலாளி தம்ளர் குடுத்தாரே, அதுல போடுங்கோ" என்று சொல்லியும் கொடுத்திருக்கிறார்.

கூட்டத்தில் எனக்காக உயர்ந்த கை என்னுடையது ஒன்றுதான். என் மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

நாற்காலிகளை அடுக்கும்போது அவரிடம் நேராகக் கேட்டேன்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. வீட்டுக்கு வீடு நாத்துக் கொடுத்தது இதுக்குத்தானே?"

"பின்னே? செடி வளர்க்கறவன்லாம் சந்நியாசியா? தான் தண்ணி ஊத்தி வளர்க்கற கன்னோட தாய்ச்செடியைப் பிடுங்கிப் போடுன்னு யாரும் கை தூக்க மாட்டா. அதான் கணக்கு."

"என் வீட்டுக்காரிக்கும் கொடுத்தீங்களா?"

"அவாளுக்குத்தான் முதல்ல குடுத்தேன். நீங்க குடிவந்த வாரமே."

அந்த முதல் தொட்டிக்கும் அன்றுதான் விளக்கம் கிடைத்தது. தோற்றுப்போன ஆத்திரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து அவர் மேல் ஒரு மரியாதை. அன்பாகப் பேசுகிற ஆட்களின் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிவதில்லை. வைத்தியநாதன் சாரின் கை எப்போதும் மேஜை மேல் இருக்கும். அவரே ஒரு முறை சொன்னார்: "சும்மா குடுக்கறவன்கிட்ட ஜாக்கிரதையா இருங்கோ. ஒண்ணு, அவனுக்குப் பொருளோட மதிப்பு தெரியாது. இல்லேன்னா உங்களோட மதிப்பு தெரிஞ்சிருக்கு."

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நான் கீழே போய் அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது வழக்கமாயிற்று. அந்த இடத்தை எப்படி மீட்பது என்று யோசிக்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். பூக்கதிர் தலைகாட்டியதும் நகத்தால் கிள்ளிவிடுவார்.

"பூக்கிற செடியை வளர்த்து, பூவைக் கிள்ளிப் போடுறது என்ன நியாயம் சார்?"

"பூத்துடுத்துன்னா இலை கசக்கும். விதை வெச்சுட்டா, வந்த வேலை முடிஞ்சுதுன்னு செடி காஞ்சு போயிடும். முடியலைன்னு அதை நம்ப வெச்சுண்டே இருக்கணும்."

விதைக்காக ஒரே ஒரு தொட்டியை மட்டும் பூக்க விடுவார். அதைச் சுற்றித் தேனீக்கள் வரும். எதிர் வீட்டுத் துளசி மாடத்தைத் தொட்டுவிட்டு இங்கே வருகிற தேனீயை அவருக்குப் பிடிக்காது. "அங்கேர்ந்து எதையாவது கொண்டு வந்து என் விதையில கலப்படம் பண்ணிடும்" என்பார். துளசியும் இதுவும் அப்படிக் கலக்குமா என்று எனக்குத் தெரியாது. தேனீயிடம் முத்திரை இருக்கிறதா என்று கேட்காத குறைதான்.

போன மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு நாள் கடையிலிருந்து வந்தால் கிழக்குச் சுவரோரம் காலியாகக் கிடந்தது. தொட்டிகள் நின்ற இடத்தில் வட்ட வட்டமாக ஈரம்.

"என்ன ஏழுமலை, தொட்டியெல்லாம் எங்கே?"

"சாரே தூக்கிக்கினு போய் பால்கனில வெச்சுக்கினாரு மொதலாளி. நா தூக்கறேன்னா வாணான்றாரு. உன் வண்டிய இங்க வுட்டுக்க சொன்னாரு."

"ஏன்?"

"அத நீ அவரத்தான் கேக்கணும். எனுக்கு இன்னா தெரியும்?"

போய்க் கேட்டேன். அவர் பால்கனியில் நெருக்கியடித்து வைத்த தொட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார். பாதிச் செடிகளுக்கு அங்கே வெயில் படாது என்று பார்த்தாலே தெரிந்தது.

"என்ன சார், இடத்தை விட்டுட்டீங்களாமே?"

"வேணாமா? வேணாம்னா சொல்லிடுங்கோ, திருப்பி வெச்சுடறேன்."

"வேணாம்னு சொல்லலை. எதுக்குன்னு கேக்குறேன்."

"முழங்கால் வலி. கீழ இறங்கி ஏற முடியலை. ஒரே ஒரு நிபந்தனை. வண்டியைப் பின்பக்கமா உள்ள விடணும். மூக்கு கேட்டைப் பார்த்து நிக்கணும். எப்பவும்."

தொட்டிகளைத் தனியாளாகத் தூக்கி மாடியேற்றியவருக்கு முழங்கால் வலி. நான் நம்புவேனா? தெரிந்த வக்கீலிடம் போய், விட்டுக்கொடுத்த பொது இடத்தில் நான் வண்டியை நிறுத்தினால் ஏதாவது வழக்கில் மாட்டுவேனா என்று கேட்டேன். அவர் ஒன்றும் இல்லை என்றார். வக்கீல் ஒன்றும் இல்லை என்று சொன்னதில் இன்னொரு சந்தேகம் வந்தது. சில வாரங்கள் அந்த இடத்தைக் காலியாகவே போட்டுவைத்தேன். பிறகு கண்ணாடி மறுபடி உடைந்த நாளில் வண்டியைக் கொண்டுவந்தேன். எங்கள் குறுகிய சந்தில் அதைப் பின்பக்கமாக உள்ளே விடுவது பெரும்பாடு. மாலைதோறும் என்னை எல்லோர் முன்னாலும் திணறவைத்து வேடிக்கை பார்க்கத்தான் இந்த நிபந்தனை என்று முடிவு கட்டினேன். அதற்கேற்ப அவரும் பால்கனியில் வந்து நிற்பார். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். ஆங். இப்போ சரி" என்று மூக்கு நேராகும்வரை விட மாட்டார்.

அதோடு நிற்கவில்லை. டயரில் காற்று இருக்கிறதா என்று காலால் அழுத்திப் பார்ப்பார். முன்சீட்டில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டார். ஒரு நாள் என் மனைவியிடம் வண்டிச் சாவியை எங்கே மாட்டுகிறோம் என்று விசாரித்திருக்கிறார். நான் மடக்கிக் கேட்டேன்.

"சாவி எதுக்கு சார் உங்களுக்கு?"

"சும்மா கேட்டேன்."

தன் காரியத்தைப் பற்றி அவர் 'சும்மா' என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்றைக்கே சாவியின் ஆணியை மாற்றினேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் ஏழுமலையின் போன் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் ஒரு பேரத்தில் எதிராளியின் கணக்கை நான் கண்டுபிடிக்குமுன்பே அவர் எழுந்து போனது இதுதான் முதல் தடவை.

அஞ்சலிக் கூட்டத்தில் 'எதிர்பார்க்காமல் கொடுத்தவர்' என்று எல்லோரும் பேசியபோது என் பக்கமும் திரும்பிப் பார்த்தார்கள். சண்டை போட்டவனுக்கே இடத்தைக் கொடுத்தாரே என்று ஒருவர் என்னைக் காட்டியே சொன்னார். எனக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் காலை கீழே போனேன். மாமி பால்கனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பூக்கதிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு கதிருக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது.

"மாமி, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது."

"இடத்தைப் பத்தித்தானே? நீங்க வருவேள்னு சொன்னார்."

"எப்போ சொன்னார்?"

"விட்டுக் குடுத்த அன்னிக்கே. 'மேல் ஆத்துக்காரர் நம்ப மாட்டார். என்னைக் கேப்பார், நான் சொல்ல மாட்டேன். நான் போனப்புறம் உன்னை வந்து கேப்பார், அப்போ சொல்லு'ன்னார்."

மாமி சொன்னது இது. போன மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு நாள். நான் கடையில் இருந்தேன், ஏழுமலையும் அன்று வரவில்லை. மாமிக்கு இழுப்பு வந்து மூச்சு அடைத்திருக்கிறது. போனில் கூப்பிட்ட வண்டி எதுவும் வரவில்லை. சார் தண்ணீரில் இறங்கித் தெருமுனைவரை போய் ஆட்டோக்களை நிறுத்திக் கேட்டிருக்கிறார். தண்ணீரைப் பார்த்ததும் ஒருவரும் உள்ளே வரச் சம்மதிக்கவில்லை. கடைசியில் வழியில் போன யாரோ இருவர் மாமியை நாற்காலியோடு தூக்கி மெயின் ரோடு சேர்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில், இன்னும் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தபோது சார் எழுந்து வெளியே போய்விட்டாராம். எங்களிடமெல்லாம் அடையாறில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்ததாகச் சொல்லியிருந்தார்கள். நாங்களும் நம்பினோம். நான்கூட நம்பினேன்.

"ஏன் மாமி எங்ககிட்ட மறைக்கணும்?"

"சொன்னா எல்லாரும் 'நாங்க இருக்கோம்'னு சொல்லுவா. அந்த வார்த்தையை என்ன தராசுல வெச்சுப் பார்க்கறதுன்னு கேட்டார். வண்டின்னா நிக்கறது கண்ணுக்குத் தெரியும். உசரமான வண்டி, தண்ணியில போகும். வெளிய பார்த்து நின்னா உடனே கிளம்பலாம். ஓட்டறவர் மாடியிலேயே இருக்கார்."

"என்கிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

மாமி கிள்ளிய கதிரை மடியில் போட்டுக்கொண்டார்.

"நானும் அதேதான் கேட்டேன். 'கேட்டா அது உதவின்னு ஆயிடும். உதவி பண்றவா நாலு நாள் பண்ணுவா, அப்புறம் மறந்துடுவா. விலை வாங்கிண்டவா மறக்க மாட்டா. அதுலயும் இந்த முதலாளி வாங்கின விலைக்குச் சரக்குக் குறைச்சுக் குடுக்க மாட்டார். அவர் கடை வாசல்ல நின்னு பார்த்திருக்கேன்'னார்."

தனக்குப் பின்னால் மனைவியின் மூச்சுக்கு ஒரு வண்டியை நிறுத்திவைக்க, தன் செடிகளுக்கு விழுந்த காலை வெயிலை விலையாகக் கொடுத்திருக்கிறார். கணக்கில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று என் புத்தி தேடியது. இருந்தது. இரவில் வண்டி வீட்டில் நிற்கும், சரி. பகலில் அது தி. நகரில் அல்லவா நிற்கிறது? மாமிக்குப் போன தடவை இழுப்பு வந்ததும் பகலில்தான். இத்தனை நுணுக்கமாகப் பார்த்தவர் இதை விட்டிருப்பாரா, அல்லது மிச்சத்தை நானே கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்வேன் என்று விட்டுவைத்தாரா என்பது தெரியவில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது மழை மாதங்களில் குட்டியானை பகலிலும் கிழக்குச் சுவரோரமே நிற்கிறது. கடைச் சரக்குக்கு வாடகை வண்டி வைத்துக்கொண்டேன். ஏழுமலை முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அவர் கையில் வண்டியைக் கொடுத்துச் சந்தில் பழக்கினேன். ஒரு சாவி மாமி வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

"மாமி, ஒரு தபா உன்னை முன்னால குந்தவெச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிப் பாத்துடட்டா?" என்று ஏழுமலை கேட்டார்.

"முதல்ல எனக்கு இழுப்பு வரட்டும்ப்பா. ஒத்திகைக்கெல்லாம் என்னால மூச்சு முட்ட முடியாது" என்றார் மாமி.

இந்த மலரில் எழுதுகிற ஒவ்வொருவரும் அவரிடமிருந்து தனக்குக் கிடைத்ததைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் பொறுமை, எளிமை என்று எழுதுவார்கள். எனக்குக் கிடைத்தது வண்டி நிறுத்த ஓர் இடம். அது சும்மா கிடைக்கவில்லை, என்ன விலைக்குக் கிடைத்தது என்பதும் இப்போது தெரியும். மாமி மூச்சு விடுகிற காலம்வரை அந்த விலையை நான் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தொழிலில் எந்தக் கணக்கையும் சீக்கிரம் தீர்த்துவிடத்தான் பார்ப்பேன். இந்த ஒரு கணக்கு மட்டும் வெகுகாலம் நீளட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.